குற்றச்சாட்டு எழுதப்படாத நாடுகடத்தல்: ஃபிலடெல்ஃபியா க்வேக்கர்கள், 1777–78

அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1777 செப்டம்பர் 11 அன்று, ஃபிலடெல்ஃபியா நகரத்தைச் சேர்ந்த 20 பேரை வண்டிகளில் ஏற்றி வர்ஜீனியாவின் எல்லைப்புற ஊரான வின்செஸ்டருக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பலர் ஊரறிந்த வணிகர்கள். 1778 ஏப்ரல் 30 அன்றுதான் வீடு திரும்பினார்கள், அதுவும் எல்லோரும் அல்ல. இருவர் அங்கேயே இறந்துபோனார்கள், இருவர் நடுவிலேயே தப்பிவிட்டார்கள். இந்த ஏழரை மாதத்தில் ஒருவர் மீதும் குற்றச்சாட்டு எழுதப்படவில்லை. ஒருவரையும் எந்த நீதிபதியின் முன்பும் நிறுத்தவில்லை.

போர்க்காலத் தடுப்புக்காவல் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு குறைவு. கைது செய்யச் சொன்னது ஒரு கை, கைது செய்தது இன்னொரு கை, காவலில் வைத்தது மூன்றாவது கை. வழக்கு என்று ஒன்று இருந்திருந்தால் தீர்ப்பு வந்திருக்கும். இல்லாத வழக்கை முடித்துவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த மூவரிடமும் பதில் இல்லை.

சந்தேகத்துக்கு இருந்த காரணங்கள்

சந்தேகம் வெறுங்காற்றில் முளைத்ததல்ல, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். க்வேக்கர்கள் ஆயுதம் எடுப்பதில்லை. படைக்கு ஆளோ பணமோ தருவதில்லை. இது 1660-61லேயே இங்கிலாந்தில் அவர்கள் அறிவித்துவிட்ட கொள்கை. பென்சில்வேனியாவை உருவாக்கிய வில்லியம் பென்னும் க்வேக்கர்தான். போர்ச் செலவுக்கு வாக்களிக்க மனமில்லாமல் 1756இல் ஜேம்ஸ் பெம்பர்ட்டன் உள்ளிட்ட பல க்வேக்கர்கள் தாங்களாகவே சட்டசபையை விட்டு விலகினார்கள். அதுவரை அது ஒரு சமயத்தின் பிடிவாதம் என்ற அளவில்தான் இருந்தது.

1776க்குப் பிறகு அதே பிடிவாதம் அரசியலாகப் பார்க்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் க்வேக்கர் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கை, மன்னரின் ஆட்சியோடு இருக்கும் உறவை முறிக்க வேண்டாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு சுற்றறிக்கை: அதிகாரத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டவர்களின் கட்டளைகளுக்குப் பணிய வேண்டாம் என்று அது சபையாரிடம் சொன்னது. கீழே ஜான் பெம்பர்ட்டனின் கையெழுத்து. வாஷிங்டனின் படை பின்வாங்கி டெலவேர் ஆற்றங்கரையில் நின்ற மாதம் அது. படிப்பவர்களுக்கு எப்படிப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பணமும் சேர்ந்துகொண்டது. காங்கிரஸ் (13 குடியேற்றங்களின் கூட்டு அவை) அச்சடித்த காகிதப் பணம் போருக்காக வெளியிடப்பட்டது என்பதால் அதை வாங்கக் கூடாது என்று சில க்வேக்கர் வணிகர்கள் நின்றார்கள். அந்தப் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்ததால், கொள்கை எங்கே முடிந்து கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிய தேயிலையை விற்றுத்தர நியமிக்கப்பட்ட முகவர்களில் ஹென்றி டிரிங்கரின் நிறுவனமும் மூத்த தாமஸ் வார்ட்டனின் நிறுவனமும் இருந்தன. ஊர் மக்கள் அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள், பெயர்களை மறக்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்தின் முதலாண்டு நிறைவான 1777 ஜூலை 4 அன்று சன்னலில் விளக்கேற்றாத க்வேக்கர் வீடுகளின் கண்ணாடிகள் நொறுங்கின.

சத்தியப் பிரமாணம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. க்வேக்கர்கள் சத்தியம் செய்வதில்லை, அதனால்தான் விசுவாசப் பிரமாணத்தை மறுத்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கூறும் வழி அவர்களுக்காகவே 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துச் சட்டத்தில் வந்துவிட்டது. (நம் சட்டமன்றத்தில் ஆண்டவன் பெயரைச் சொல்லாமல் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று பதவியேற்க முடிவதும் அந்தச் சட்ட மரபின் தொடர்ச்சிதான்.) பென்சில்வேனியா 1777 ஜூனில் கொண்டுவந்த சட்டத்திலும் அந்த வழி இருந்தது. அவர்கள் மறுத்தது வேறொன்றை. போர் முடியாத நிலையில் பழைய ஆட்சியைத் துறந்து புதிய ஆட்சியை ஏற்கிறேன் என்று சொல்வது போரில் ஒரு பக்கம் சேர்வது என்று கருதினார்கள். எந்த வடிவில் கேட்டாலும் பதில் மாறியிருக்காது.

ஸ்பாங்க்டவுன் தாள்

1777 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்கப் படையின் ஜெனரல் சல்லிவன், ஆங்கிலேயர் வசமிருந்த ஸ்டேட்டன் தீவில் ஒரு திடீர்த் தாக்குதல் நடத்தினார். தாக்குதல் சொதப்பியது. ஆனால் கைப்பற்றிய மூட்டைகளில் சில தாள்கள் கிடைத்தன என்று 25ஆம் தேதி காங்கிரஸுக்கு எழுதினார். வாஷிங்டன் எங்கே இருக்கிறார், சல்லிவனிடம் எத்தனை பேர் என்பன போன்ற உளவுத் தகவல்கள் அவற்றில் இருந்தன. ஒரு தாளின் அடியில் ‘ஸ்பாங்க்டவுன் ஆண்டுக் கூட்டம்’ என்று இருந்தது. ஸ்பாங்க்டவுன் என்பது நியூஜெர்சியில் இன்று ராவே எனப்படும் ஊர்.

க்வேக்கர் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்தவர் இந்தத் தாளை ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவைத்திருப்பார். மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்று அவர்களுடைய நிர்வாகம் படிப்படியானது. பென்சில்வேனியா, நியூஜெர்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆண்டுக் கூட்டம். அது ஃபிலடெல்ஃபியாவில் கூடும். ஸ்பாங்க்டவுனில் ஆண்டுக் கூட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. க்வேக்கர்கள் மாதங்களைப் பெயர் சொல்லி எழுதுவதில்லை, ‘எட்டாம் மாதம்’ என்பார்கள். தாளிலோ ஆகஸ்ட் என்று இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை தேதி. ஆகஸ்ட் 19 என்று தேதியிட்ட தாளில், ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜெனரல் ஹோவ் செசபீக் விரிகுடாவின் மேல்முனையில் இறங்கிவிட்டார் என்ற செய்தி இருந்தது. ஹோவின் படை அங்கே கரையிறங்கியது ஆகஸ்ட் 25.

இதையெல்லாம் சரிபார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. ஹோவின் படை கரையிறங்கி ஃபிலடெல்ஃபியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. காங்கிரஸ் ஜான் ஆடம்ஸ், ரிச்சர்ட் ஹென்றி லீ, வில்லியம் டூவர் ஆகிய மூவரைக் குழுவாக வைத்தது. ஆகஸ்ட் 28 அன்று அறிக்கை வந்தது: ஜோஷுவா ஃபிஷர், அவருடைய மகன்கள், பெம்பர்ட்டன் சகோதரர்கள் மூவர், டிரிங்கர் உள்ளிட்ட 11 க்வேக்கர்களைப் பிடிக்க வேண்டும், அவர்களுடைய மையக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைக் கைப்பற்ற வேண்டும். ஆடம்ஸ் சில நாள் கழித்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் சுதந்திரத்தையும் சமயத்தையும்விடப் பணத்தையும் நிலத்தையும் நேசிப்பவர்கள் என்று சாடுகிறார். அறிக்கையை எழுதிய கையின் மனநிலை அது.

பட்டியல், வாக்குறுதிச் சீட்டு, லாட்ஜ்

காங்கிரஸ் தானே கைது செய்யவில்லை. மாநிலங்களுக்குப் ‘பரிந்துரை’ செய்தது. பென்சில்வேனியாவின் நிர்வாகக் குழு அந்த 11 பெயரை 40 பெயருக்கு மேல் நீட்டியது. குழுவின் தலைவர் இளைய தாமஸ் வார்ட்டன். பட்டியலில் இருந்த மூத்த தாமஸ் வார்ட்டன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். குழுவின் செயலர் டிமத்தி மேட்லாக், சுதந்திரப் பிரகடனத்தைத் தோலில் அழகாக எழுதியவர். 1765இல் க்வேக்கர் சபையிலிருந்து நீக்கப்பட்டவரும்கூட. ஊர் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பட்டியல் அந்த நெருக்கத்திலிருந்துதான் வந்தது.

செப்டம்பர் 2 முதல் வீடுவீடாகப் போனார்கள். வாசலில் முதலில் ஒரு சீட்டை நீட்டினார்கள்: வீட்டை விட்டு வெளியேற மாட்டேன், பேச்சாலோ எழுத்தாலோ வேறு வகையிலோ அமெரிக்காவுக்குத் தீங்கு செய்ய மாட்டேன், ஆங்கிலேயப் படைக்குத் தகவல் தர மாட்டேன். கையெழுத்திட்டால் வீட்டுக்காவல். மறுத்தால் ஃப்ரீமேசன் சங்கத்தின் கூட்ட அரங்கான லாட்ஜ் கட்டடத்தில் அடைப்பு. சிலர் கையெழுத்திட்டுத் தப்பினார்கள். மற்றவர்கள் மறுத்ததற்கான காரணம் எளிது: எதையும் செய்யாதவன் ‘இனிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்தால் முன்பு செய்ததாக ஆகிவிடும். எழுதுமேசைகளை உடைத்துத் தாள்களை அள்ளிப் போனார்கள். அவற்றிலிருந்து காங்கிரஸ் வெளியிட முடிந்தது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த அறிக்கைகளையும் சமயக் கூட்டக் குறிப்புகளையும்தான். உளவுக்கான சான்று ஒன்றும் இல்லை.

லாட்ஜில் இருந்தவர்கள் மறுப்புக் கடிதங்களை எழுதி அச்சிட்டு ஊருக்குள் பரப்பினார்கள். கேட்டது ஒன்றுதான்: எங்கள் மீது என்ன குற்றம், அதைச் சொல்லி விசாரியுங்கள். நிர்வாகக் குழு காங்கிரஸைக் கைகாட்டியது. காங்கிரஸ், அவர்கள் உங்கள் மாநிலத்தார், நீங்களே கேளுங்கள் என்றது. நடுவில் விசாரணை என்ற யோசனை தொலைந்துபோனது. கடைசியாக வைத்த நிபந்தனை விசுவாச உறுதிமொழி. மறுத்தவர்களுக்கு வர்ஜீனியா.

வண்டியேறிய 20 பேரில் இரண்டு குடும்பங்களின் பங்கு மட்டும் எட்டு. பெம்பர்ட்டன் சகோதரர்கள் இஸ்ரேல், ஜேம்ஸ், ஜான் மூவர், இஸ்ரேலின் மருமகன் சாமுவேல் பிளெசன்ட்ஸ். ஜோஷுவா ஃபிஷரின் மகன்கள் தாமஸ், சாமுவேல், மையர்ஸ் மூவர், மருமகன் தாமஸ் கில்பின். ஒரே நாளில் ஒரு வீட்டின் ஆண்மக்களும் மருமகனும் போவது என்றால் கடையும் கணக்கும் கடன் வசூலும் நின்றுபோகும். புகழ்பெற்ற மேசை நாற்காலித் தச்சர் தாமஸ் அஃப்ளெக், நடனம் கற்பிக்கும் தாமஸ் பைக், மருந்துக்காரர் வில்லியம் ட்ரூயட் ஸ்மித் போன்றவர்களும் வண்டியில் இருந்தார்கள். பைக்கும் ஸ்மித்தும் க்வேக்கர்கள் அல்ல.

ஆட்கொணர்வு ஆணைக்கு நேர்ந்தது

வண்டி கிளம்பிய அதே நாளில் ஹோவின் படையும் வாஷிங்டனின் படையும் மோதிய பிராண்டிவைன் போர் நடந்தது. பீரங்கிச் சத்தம் நகரத்தில் கேட்டது. பாட்ஸ்குரோவ், ரெடிங், லெபனான், ஹாரிஸ் துறை, கார்லைல், ஷிப்பன்ஸ்பர்க், பிறகு பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வின்செஸ்டர் என்று பாதை இருநூறு மைலுக்கு மேல். போய்ச் சேர செப்டம்பர் 29 ஆயிற்று. ரெடிங்கில் அவர்களைப் பார்க்க வந்த நண்பர்களைக் கூட்டம் அடித்துக் கல்லெறிந்தது.

சட்டப்படி இருந்த ஒரே ஆயுதத்தை வழியிலேயே பயன்படுத்தினார்கள். மாநிலத் தலைமை நீதிபதி தாமஸ் மக்கீன் ஆட்கொணர்வு ஆணைகளை வழங்கினார். அவர் காங்கிரஸில் இருந்த தீவிர விடுதலைப் பக்கத்தார். சட்டம் கட்டாயப்படுத்துவதால் வழங்கினேன் என்று ஆடம்ஸுக்கு விளக்கம் எழுதும் நிலை அவருக்கு வந்தது. காவலர்கள் ஆணையை வாங்கிக்கொண்டார்கள், கீழ்ப்படியவில்லை. செப்டம்பர் 16 அன்று சட்டசபை அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது: இந்த நபர்கள் விஷயத்தில் ஆட்கொணர்வு செல்லாது, கைது செய்த அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாது. ஆணை முன்னால் வந்தது, தடைச் சட்டம் பின்னால் வந்தது, ஆனால் முன்தேதிக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது. அதற்குள் வண்டிகள் மாநில எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. எல்லை தாண்டினால் பென்சில்வேனிய நீதிபதியின் ஆணைக்கு எட்டாது. வேற்று மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததன் நடைமுறைப் பயன் இதுவே.

வின்செஸ்டரில்

வர்ஜீனியாவுக்கு இந்தக் கைதிகள் தேவைப்படவில்லை. ஊருக்கு வந்த முதல் நாட்களிலேயே, இங்கிலாந்து ஆதரவாளர்களை இங்கே வைக்காதே என்று ஆயுதத்தோடு கூட்டம் கூடியது. உள்ளூர்ப் படைத்தலைவர் ஜான் ஸ்மித் அவர்களைச் சமாதானப்படுத்தி, ஃபிலிப் புஷ் என்பவரின் விடுதியில் இவர்களைத் தங்கவைத்தார். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் கைதிகளுடையது. பிறகு பிடி தளர்ந்து, சிலர் சுற்றுப்புற க்வேக்கர் வீடுகளுக்கு மாறினார்கள். பக்கத்து ஹோப்வெல் சபையாரும், ஜான் பெம்பர்ட்டனின் மைத்துனரான இரும்பாலை முதலாளி ஐசக் ஜேனும் உதவினார்கள். ஜேன் விடுதலைப் போருக்கு இரும்புத் தளவாடம் வார்த்துக்கொடுத்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 26 அன்று ஆங்கிலேயப் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தது. கைதிகள் அப்போது இன்னும் வழியில் இருந்தார்கள். ஹோவ் வரும்போது நகரத்துக்குள் உதவி செய்துவிடுவார்கள் என்பதற்காகத்தான் அப்புறப்படுத்தினார்கள். வின்செஸ்டரை அடையுமுன்பே அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது. ஆனால் இப்போது விடுவித்தால் எதிரி பிடித்த நகரத்துக்குத்தான் போவார்கள். காங்கிரஸ் யார்க் ஊருக்கும் மாநில அரசு லாங்காஸ்டருக்கும் ஓடியிருந்தன. கோப்பு யாரிடம் என்பதே குழப்பம்.

டிசம்பரில் நிலைமை மோசமானது. இளைய ஓவன் ஜோன்ஸ், செலவுக்காகப் பணம் மாற்றுவது பற்றி எழுதிய கடிதம் பிடிபட்டது. காங்கிரஸ் பணத்தின் மதிப்பைக் குலைக்கிறார்கள் என்று கூறி எல்லோரையும் இன்னும் தெற்கே ஸ்டான்ட்டனுக்கு மாற்றவும், ஜோன்ஸைச் சிறையில் அடைக்கவும் உத்தரவு வந்தது. மேல்முறையீடுகளால் அந்த உத்தரவு நின்றது. வெளியூரில் சொந்தச் செலவில் வாழ் என்று அனுப்பிவிட்டு, பணம் மாற்றினால் குற்றம் என்றால் சாப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கு, காங்கிரஸின் போர் நிர்வாகத்தைக் கவனித்த போர் வாரியத்திடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. அதே மாதத்தில் குதிரையேறி வெளியே போன ட்ரூயட் ஸ்மித் திரும்பவில்லை. பைக்கும் தப்பினார். மற்றவர்கள் ஓடவில்லை, ஓடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்ற அதே தர்க்கம்தான்.

1778 ஜனவரி கடைசியில் காங்கிரஸ் ஒரு வழி காட்டியது: பென்சில்வேனியாவுக்கு விசுவாச உறுதிமொழி கூறினால் விடுதலை. அதே பழைய கதவு, இவர்கள் நுழையவில்லை. குளிரும் நோயும் சேர்ந்தன. மார்ச் 2 அன்று கில்பின் இறந்தார். ஜான் ஹன்டுக்கு ஒரு காலை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. மார்ச் 31 அன்று அவரும் இறந்தார். இருவரையும் ஹோப்வெல் சபையின் இடுகாட்டில் புதைத்தார்கள்.

வீட்டில் இருந்தவர்கள்

ஹென்றியின் மனைவி எலிசபெத் டிரிங்கர் எழுதிவந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பதால், ஃபிலடெல்ஃபியாவில் என்ன நடந்தது என்று நாள்வாரியாகத் தெரிகிறது. ஐந்து பிள்ளைகள், கூடவே திருமணமாகாத சகோதரி. விறகுக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. வேலைக்காரப் பெண்ணைத் தேடி, குடித்துவிட்டு வாளோடு வீட்டுக்குள் நுழைந்த ஆங்கிலேய அதிகாரி. பிறகு ‘தங்க இடம் வேண்டும்’ என்று வந்து, பலமுறை மறுத்தும் விடாமல், வீட்டின் ஒரு பகுதியில் குடியேறிய மேஜர் கிராமண்ட். தாமஸ் ஃபிஷரின் மனைவி சாரா கணவர் வண்டியேறியபோது கர்ப்பிணி. நவம்பரில் பெண் குழந்தை பெற்றார். ஆங்கிலேயரின் ஆட்கள் என்று குற்றம் சுமத்தப்பட்டவர்களின் மனைவிமார்தான் ஆங்கிலேய ராணுவத்தின் தொல்லையை ஆண் துணையில்லாமல் சமாளித்தார்கள்.

ஏப்ரல் 5 அன்று எலிசபெத், ஜேம்ஸின் மனைவி ஃபீபி பெம்பர்ட்டன், இஸ்ரேலின் மகள் மேரி பிளெசன்ட்ஸ், சுசானா ஜோன்ஸ் ஆகிய நால்வர் கோச்சு வண்டியில் கிளம்பினார்கள். துணைக்கு இஸ்ரேல் மாரிஸ். மறுநாள், அமெரிக்கப் படை முகாமிட்டிருந்த வேலி ஃபோர்ஜில் வாஷிங்டனைச் சந்தித்தார்கள். அவர் சாப்பாடு போட்டு உபசரித்தார், விடுதலை தன் கையில் இல்லை என்றார், லாங்காஸ்டர் போக அனுமதிச் சீட்டு கொடுத்தார். மனிதாபிமானம் இவர்களுக்காகப் பலமாகப் பேசுகிறது என்று நிர்வாகக் குழுத் தலைவர் வார்ட்டனுக்கும் எழுதினார்.

பெண்கள் போய் விடுதலை வாங்கிவந்தார்கள் என்று இந்தப் பயணத்தைச் சொல்வது வழக்கம். தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. மார்ச் 16 அன்றே காங்கிரஸ் கைதிகளைப் பென்சில்வேனியாவிடம் ஒப்படைக்கத் தீர்மானித்துவிட்டது. பெண்கள் ஏப்ரல் 10 அன்று லாங்காஸ்டர் சேர்ந்தபோது அழைத்துவரும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் அங்கேயே இருந்து, குழுவினரை ஒவ்வொருவராகப் பார்த்து, விஷயம் மறுபடி தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டது அவர்கள் செய்த வேலை. கோப்புகள் தூங்கியதால் நீண்ட காவலில் இது சிறிய உதவியல்ல.

விடுவிப்பு

ஏப்ரல் 25 அன்று கைதிகள் லாங்காஸ்டர் வந்தார்கள். 27ஆம் தேதி நிர்வாகக் குழு, அவர்களைப் பாட்ஸ்குரோவ் வரை அனுப்பி அங்கே விடுவிக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலே விடுதலைச் சான்று. நிரபராதிகள் என்றோ குற்றவாளிகள் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. கைது, காவல், பயணம் ஆகிய எல்லாச் செலவையும் கைதிகளே கட்ட வேண்டும் என்று அதே மாதத்தில் இன்னொரு உத்தரவு மட்டும் தெளிவாக எழுதப்பட்டது. ஏப்ரல் 30 அன்று அவர்கள் நுழைந்த ஃபிலடெல்ஃபியா இன்னும் ஆங்கிலேயர் பிடியில்தான் இருந்தது. படை வெளியேறியது ஜூன் 18. எதிரிக்கு உதவுவார்கள் என்று பிடித்தவர்களை, எதிரி உட்கார்ந்திருக்கும் ஊருக்கே அனுப்பினார்கள். அவர்களைப் பற்றி அரசு கடைசியில் உண்மையாக என்ன நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்தக் கோப்பிலும் இல்லை.

விளைவு வேறு இடத்தில் விழுந்தது. கைதிகள் வண்டியில் போனபோது, குதிரைப்படை அனுப்பி அவர்களை மீட்கும்படி ஆங்கிலேயரிடம் கேட்டார் என்பது லோயர் மெரியன் மாவு ஆலைக்காரர் ஜான் ராபர்ட்ஸ் மீது சொல்லப்பட்டவற்றில் ஒன்று. அவரும் ஆபிரகாம் கார்லைலும் ராஜதுரோகக் குற்றத்துக்காக 1778 நவம்பர் 4 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். இருவரும் க்வேக்கர்கள். சாமுவேல் ஃபிஷர், நியூயார்க்கில் இருந்த சகோதரருக்கு எழுதிய கடிதத்துக்காக 1779இல் மறுபடி பிடிபட்டார். இந்த முறை குற்றச்சாட்டு எழுதப்பட்டது, ஜூரி அமர்ந்தது, தண்டனை வாசிக்கப்பட்டது. 1781இல் வெளியே விட்டார்கள். விசுவாச உறுதிமொழி கூறாதவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற சட்டம் பென்சில்வேனியாவில் 1789 வரை நீடித்தது.